பதினேழாவது நிலையம்

நாகர்கோவிலில் மீன்பிடிப் படகுகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த பதினோரு பேரில் ஒருவரை மட்டும் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பெயர் வஹிதா பானு. வயது முப்பத்தைந்து. முன்பு இரண்டு வருடம் பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் எடுத்தவர். அவரிடம் கேள்வியோடு போனவர் யாரும் பதிலோடு திரும்பியது கிடையாது. ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள்.

அவரிடம் தொழில் கற்றவர்களில் சிதம்பரதாணு அவரைவிடப் பதினேழு வயது மூத்தவர். இருபது வருடம் படகுகளில் வயர்லெஸ் செட் பழுது பார்த்தவர். பெட்டிகளைப் படகில் பொருத்துவதற்காக நிறுவனத்தில் சேர்ந்தார். நாற்பத்தாறு வயதில், புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று டீச்சரிடம் போய்க் கேட்டார்.

டீச்சர் ஓடாத புரோகிராம் ஒன்றை அவர் முன்னால் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தாணு சாயங்காலம் வரை அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி ஆரம்பித்ததுதான்.

பெட்டி உள்ளங்கை அகலம் இருக்கும். கரையோர நிலையங்கள் காற்று, புயல் பற்றிச் செய்தி அனுப்பினால் அது கத்தும். எந்தெந்த நிலையத்தின் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பழைய பெட்டிகளில் பன்னிரண்டு நிலையங்கள். அந்த வருடம் ஆவணியில் வந்த புதிய பதிப்பில் இருபத்து மூன்று.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்று திசை மாறியது. நிலையங்கள் செய்தி அனுப்பின. பழைய பெட்டிகள் எல்லாம் கத்தின. புதிய பெட்டி வைத்திருந்த ஒன்பது படகுகளில் ஒரு சத்தமும் இல்லை. எட்டுப் படகுகள் வானத்தைப் பார்த்தோ, பக்கத்துப் படகு திரும்புவதைப் பார்த்தோ கரை சேர்ந்துவிட்டன. ததேயுஸ் என்பவரின் படகு வரவில்லை. ததேயுஸ், அவர் தம்பி வர்க்கீஸ், மச்சினன் சூசைநாயகம், கூலிக்கு வந்திருந்த சுகந்தா என்ற ஒடிசாக்காரர். நான்கு பேர்.

ஒன்பது பெட்டிகளையும் பொருத்தியவர் தாணுதான். ததேயுஸின் படகில் பொருத்தியதும் சோதனைக்காக ஒரு தடவை கத்த வைத்தார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சோதனைச் சத்தத்துக்கு எந்த நிலையமும் தேவையில்லை. அது பெட்டிக்குள்ளிருந்தே வருவது. அன்று அதை யாரும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்த எட்டுப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் பதினாறு நிலையங்கள்தான் இருந்தன. புதிய பட்டியலை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கியிருந்தார்கள். விடுபட்ட ஏழும் தெற்குக் கரை.

முதலாளி அந்த ஏழு நிலையங்களையும் கையால் சேர்க்கச் சொன்னார். இரண்டு நாளில் சரியான பெட்டிகள் படகுகளுக்குப் போய்விட்டன. பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்திருக்கலாம் என்று மூன்று வீடுகளுக்குக் கடிதம் போனது. நான்காவது ஆளுக்கு விலாசம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

தாணுவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் குழம்பில் மீன் துண்டைப் பார்த்துவிட்டு இலையை விட்டு எழுந்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

பெட்டிக்குள் போகும் புரோகிராம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கும். அவற்றையும் நிலையப் பட்டியலையும் வரிசைப்படி சேர்த்து ஒரே கோப்பாக்கித் தருவது பில்ட் ஸ்கிரிப்ட். ஆறு வருடமாக வந்தவர் போனவர் எல்லாம் கை வைத்து அது தொள்ளாயிரம் வரிக்கு வளர்ந்திருந்தது. கடைசிப் பகுதியில் ஒரு சரிபார்ப்பு உண்டு. பட்டியலில் எத்தனை நிலையம், பெட்டிக்குள் சேர்ந்தது எத்தனை என்று எண்ணிப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பட்டியலின் அடியில் ஒரு வெற்று வரி இருந்தால்கூட அதையும் நிலையமாக எண்ணிக்கொண்டு நிற்கும்.

ஆவணியில் அந்தப் பதிப்பைத் தயார் செய்த நாளில், கரையில் படகுக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று போன் மேல் போன் வந்தது. ஸ்கிரிப்ட் இரண்டு தடவை வெற்று வரிக்காக நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது தாணு பொறுமையை இழந்து எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரியைச் சேர்த்தார். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால், நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு மேலே போ. லாக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மேலே போ என்று எழுதிய அந்த வரியே ஏழு நிலையங்களையும் தாண்டிப் போய்விட்டதோ? ஒரு மாதமாக ராவும் பகலும் அவருக்கு அதே நினைப்பு. ஸ்கிரிப்டை முப்பது தடவையாவது படித்திருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தெரிந்தது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் டீச்சரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், அது என் வரியாலதானா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். எது என்று கேட்கவில்லை.

"எப்படிப் பார்த்தீங்க?"

அங்கங்கே ஒரு வரி சேர்த்து, இந்த இடத்துக்கு வந்துவிட்டேன் என்று அச்சிட வைத்துப் பார்த்ததைத் தாணு சொன்னார். ஒன்றுமே அச்சாகவில்லை. கடைசியில் பச்சை எழுத்தில் வெற்றி என்று மட்டும் வருகிறது.

"உங்க எடிட்டர்ல டீபக்கர் பிளகின் போடுங்க அண்ணாச்சி. ஒவ்வொரு வரியா நிறுத்திப் பாத்துக்கிடலாம்."

"நான் கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை போதும்."

"போடுங்க."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துத் தாணுவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை.

எடிட்டர் என்பது அவர்கள் புரோகிராம் எழுதும் பலகை. அதோடு ஒட்டிக்கொண்டு, அதுவரை இல்லாத ஒரு வேலையைச் செய்து தருவது பிளகின். தேடினால் ஒரே பெயரில் ஆறு வந்து நின்றன. அதிகம் பேர் பாராட்டியிருந்ததைத் தாணு எடுத்தார். அது வேறு கணினி மொழிக்கானது. கழற்றினார். இரண்டாவதாக எடுத்தது, மொழியின் பதிப்பு பழசு என்றது. அதைப் புதுப்பித்தால், எடிட்டரே பழசு என்றது. எடிட்டரைப் புதுப்பித்தார். எழுத்தின் அளவு மாறி எல்லாம் எறும்பாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஓர் அமைப்புக் கோப்பு எழுத வேண்டியிருந்தது. எந்த ஸ்கிரிப்ட், எந்த எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும், எடிட்டர் எந்த எண்ணில் போய்த் தட்ட வேண்டும் என்று. ஒரு காற்புள்ளி விட்டுப்போனதில் ஒரு மணி நேரம் போனது. வாசல் எண்ணில் கடைசி இலக்கம் தப்பாக விழுந்ததில் மத்தியானம் போனது. இணைக்க முடியவில்லை, இணைக்க முடியவில்லை என்று சிவப்பில் வந்துகொண்டே இருந்தது.

டீச்சர் நினைத்தால் பத்து நிமிடத்தில் முடித்துத் தரலாமே என்று தாணு ஒரு தடவை வாய்விட்டே கேட்டார். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எண்ணை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

நாலு மணிக்கு இணைந்தது. தாணு எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரியின் ஓரத்தில் சொடுக்கி ஒரு புள்ளி வைத்தார். ஓட்டம் அங்கே வந்ததும் நிற்க வேண்டும். ஸ்கிரிப்டை ஓட விட்டார். அது எங்கும் நிற்காமல் ஓடி முடிந்து, பச்சையில் வெற்றி என்றது.

அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பத்து தடவை ஓட்டினார். பத்து தடவையும் வெற்றி. பிறகுதான் கவனித்தார். புள்ளி வைத்த இடத்தில் சிவப்பாக ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிற வளையம்தான் இருந்தது. வேறொரு வரியில் வைத்தார். அங்கேயும் வளையம்.

தாணு கைகளை மடியில் போட்டுக்கொண்டார். "எனக்கு இது ஆகாது டீச்சர். ஒயர் இழுத்துட்டுக் கிடந்தவன் அப்படியே கிடந்திருக்கணும். கை வச்சிருக்கவே கூடாது."

டீச்சர் திரையைக் காட்டினார்.

"அந்த வளையம் என்ன சொல்லுது?"

"நிக்க மாட்டேன்னு சொல்லுது."

"ஏன்னு சொல்லுதா?"

தாணு அம்புக்குறியை வளையத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம் விரிந்தது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"இந்தக் கோப்பு ஓடலைன்னு சொல்லுது."

"அப்போ ஓடுறது எது?"

அதைத் தேடத்தான் அன்று முழுக்கப் போனது. எடிட்டரில் அவர் திறந்து வைத்திருந்தது ஸ்கிரிப்டின் மூலக் கோப்பு. பதிப்பு எண் மாறும்போது மட்டும் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து இன்னொரு மூலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிரதியைத்தான் கணினி ஒவ்வொரு தடவையும் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரதி ஆவணியில், எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரி சேர்ந்த கையோடு எடுத்தது. அவர் அச்சிடச் சேர்த்த வரிகள் எதுவும் அதில் கிடையாது.

ஒரு மாதமாக அவர் ஓடாத ஒன்றைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது தடவை. தாணு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது.

சனிக்கிழமை காலையில் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தார். நான் பார்ப்பது இந்த இடம், ஓடுவது அந்த இடம். சாம்பல் வளையம் நிறைந்து சிவப்பானது.

உடனே எழுநூற்றுப் பன்னிரண்டுக்குப் போகப் பார்த்தார்.

"அங்க வேண்டாம். முதல் வரியில வைங்க."

"தொள்ளாயிரம் வரி டீச்சர்."

"ஆமா."

முதல் வரியில் நின்றது. பக்கத்துக் கட்டத்தில் அந்த நேரத்தில் ஸ்கிரிப்டின் கையில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகத் தெரிந்தது. தாணு ஒரு விசையைத் தட்டினார். இரண்டாவது வரி. இன்னொரு தட்டு. மூன்றாவது. கட்டத்தில் ஒரு மதிப்பு மாறும்போதெல்லாம் டீச்சர் அதைச் சொல்லச் சொன்னார். தாணு சொன்னார். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, பத்தரைக்கு நூற்று எண்பதைத் தாண்டியது.

நூற்று எண்பத்தேழாவது வரியில் நிலையப் பட்டியல் உள்ளே வந்தது.

"இருபத்து மூணு" என்றார் தாணு.

தட்டினார். அடுத்த வரி.

அவர் சொல்லவில்லை. கட்டத்தில் பதினாறு என்று இருந்தது.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. பெட்டியில் இடம் போதாது. முதல் பதினாறை மட்டும் எடு. பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதற்குப் பக்கத்தில் வ.பா.

முதல் பெட்டி அவ்வளவு சின்னது. அதில் பதினாறுக்கு மேல் எதுவும் கொள்ளாது. அன்றைக்கு நிலையங்களே எட்டுதான் இருந்தன. அந்த வரி எழுதிய காலத்தில் அதைவிடச் சரியான வரி கிடையாது. பெட்டி பெரிதானது, நிலையங்கள் கூடின. வரி அங்கேயே இருந்தது.

தாணு திரும்பிப் பார்த்தார். டீச்சர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டிருந்தார். அவர் கண் திரையில்தான் இருந்தது.

அந்த நிமிடம் தாணுவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ லேசாகியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. அதை உணர்ந்தபோதே, யாருடைய பெயரைப் பார்த்துத் தனக்கு அப்படி ஆனது என்பதும் உறைத்தது. அவருக்கு அங்கிருந்து எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது.

"அடுத்த வரி" என்றார் டீச்சர்.

"போதும் டீச்சர்."

"அடுத்த வரி அண்ணாச்சி."

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மூன்று மணி சுமாருக்கு எழுநூற்றுப் பத்தில் நின்றார்கள். சரிபார்ப்பு எண்ணிப் பார்த்தது. ஒத்துப்போகவில்லை. அடுத்த தட்டில் ஓட்டம் தாணுவின் வரிக்குள் நுழைந்தது. லாக்கில் எழுதப் போகும் வாக்கியம் கட்டத்தில் அப்படியே தெரிந்தது.

எதிர்பார்த்தது 23. சேர்ந்தது 16.

தாணு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணியில் மூன்றாவது தடவை ஸ்கிரிப்ட் நின்றபோது இதே வாக்கியம்தான் திரையில் வந்திருக்கும். வெற்று வரி என்றால் ஒன்றுதான் வித்தியாசம் வரும். அன்று வந்தது ஏழு. இரண்டு எண்களையும் படித்திருந்தால் போதும். அவர் படிக்கவில்லை. மறுபடியும் அதே தொல்லை என்று நினைத்து அதன் வாயை அடைத்துவிட்டார்.

மிச்சமிருந்த வரிகளையும் டீச்சர் விடவில்லை. கடைசியில் பச்சையில் வெற்றி என்று வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் முதுகுதான் தாணுவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தத் தோள் ஆடியது. தாணு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். இது தன் வரியாலேயே வந்தது என்று தான் சொல்லிக்கொள்வதாகவும், மேலே உள்ள குறிப்பை யாரும் பார்ப்பதற்கு முன்னால் அழித்துவிடலாம் என்றும், டீச்சருக்கு இன்னும் இருபது வருடம் வேலை செய்யும் வயது இருக்கிறது, தனக்கு அப்படி இல்லை என்றும்.

டீச்சர் திரும்பவில்லை.

"எதுல அழிப்பீங்க? நீங்க பார்க்கிறதுலயா, ஓடுறதுலயா?"



இரண்டு இடத்தையும் டீச்சர் தாளில் அச்செடுத்தார். ஒரு பக்கத்தில் அவருடைய வரி, இன்னொரு பக்கத்தில் தாணுவுடையது. அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். தாணு கதவுக்கு வெளியே நின்றார். முதலாளி முதலில் சமாதானமாகத்தான் பேசினார். பெட்டிதான் சரியாகிவிட்டதே, போனவர்கள் இதனால் வந்துவிடப் போகிறார்களா என்றார். டீச்சர் கடற்கரைக்குப் போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னதும் அவர் குரல் மாறியது. போனால் திங்கட்கிழமை இங்கே வர வேண்டாம் என்றார். மற்ற ஒன்பது பேரும் தங்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு இரண்டு பேரும் ததேயுஸின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி திரேசம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். தாணுவை அவளுக்குத் தெரியும். பெட்டி வைக்க வந்தவர்தானே என்றாள்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்று தாணு பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. டீச்சர்தான் தாளை விரித்துச் சொன்னார். பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் போகவில்லை. எந்த நிலையத்துக்குக் காது கொடுக்க வேண்டுமோ அது அந்தப் பெட்டியில் இல்லாமல் போய்விட்டது. இந்த வரி நான் எழுதியது. இந்த வரி இவர் எழுதியது.

திரேசம்மாள் தாளை வாங்கிப் பார்த்தாள். அதில் அவளுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் அழவில்லை. திட்டவுமில்லை. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற படகுக்காரர் வந்து சொன்னதைச் சொன்னாள். மானம் கறுத்ததும் அந்தப் படகிலிருந்து திரும்பு திரும்பு என்று கை காட்டினார்களாம். ததேயுஸ் பெட்டியைத் தட்டிக் காட்டி, இது இன்னும் கத்தலியே, ஒரு வலை இழுத்துட்டு வாரேன் என்று கூவினாராம்.

"முன்னெல்லாம் அவருதான் எல்லாருக்கும் முன்னாடி திரும்புவாரு. பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணுவாவ. பெட்டி வந்த பெறவு மேல பாக்கிறத விட்டுட்டாரு" என்றாள்.



உள்ளே ஒரு போன் அடித்தது. திரேசம்மாள் எழவில்லை. அது சுகந்தாவின் போன் என்றாள். அன்றைக்குச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன். தினமும் இந்த நேரத்துக்கு அடிக்கும். எடுத்தால் ஒரு பொம்பளை பேசுவாள். அவள் பேசுவது இவளுக்கு விளங்காது, இவள் பேசுவது அவளுக்கு விளங்காது. இவள் அழுதால் அவளும் அழுவாள். ஏன் என்று அவளுக்குத் தெரிந்ததா என்பதுகூடத் தெரியாது.

போன் நின்றது. மறுபடியும் அடித்தது. டீச்சர் எழுந்து உள்ளே போய் எடுத்தார். தெரிந்த இந்தியில் ஏதோ கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளில் சுகந்தா என்ற ஒன்றுதான் விளங்கியது. டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அது தானாக நிற்கிற வரைக்கும் வைத்திருந்தார்.

வாசல்வரை வந்து திரேசம்மாள் ஒன்று மட்டும் கேட்டாள். இப்போ மத்தப் படகுல இருக்கிற பெட்டியெல்லாம் கத்துமா?

கத்தும் என்றார் தாணு. சொன்ன பிறகு, தான் அதைச் சொல்லியிருக்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. தாணு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். டீச்சர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பஸ் சுங்கான்கடையைத் தாண்டியது.

தாணுவின் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. டீச்சருடைய வரி இல்லாவிட்டால் ஏழு நிலையங்கள் விழுந்திருக்காது. தன் வரி இல்லாவிட்டால் அது விழுந்தது தெரிந்திருக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான்கு பேரும் கரையில் இருந்திருப்பார்கள். இந்தப் பாரத்தை முழுதாகத் தூக்க அவரால் முடியாது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் தூக்கிப் பார்த்தாயிற்று. இன்னொரு ஆள் ஒரு முனையைப் பிடித்தால் வீடு வரை போய்ச் சேரலாம்.

முன்னால் குனிந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

டீச்சர் தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"இதுல பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. அப்படி வச்சுக்கிடலாமா?"

 பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பிறகு முழுதாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"வச்சுக்கிடலாம் அண்ணாச்சி. நாலு பேருல உங்க ரெண்டு பேரு யாரு?"

தாணு வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை.